செக்கிங் அக்கா

எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு வாக்கில் கோயமுத்தூர் ஜில்லாவில் மேஜிக் காட்டுகிறவன் எவனாக இருந்தாலும் தலையில் ஒரு தலைப்பாகை, அதில் ஒரு மயிலிறகு, முழங்கால் வரைக்கும் ஜிகினா வைத்த கோட்டு, பெயருக்கு முன்னால் ஒரு புரொபசர். எந்தக் காலேஜில் என்று யாரும் கேட்டதில்லை. நல்லூர் மருதாசலமும் அப்படித்தான் புரொபசர் மருது ஆனான். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைப்பான், ஊர்த் திருவிழா, நோம்பி என்றால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கைவேலை அவ்வளவு சுத்தம். அவன் மறைத்த முட்டையை இட்ட கோழியே வந்தாலும் கண்டுபிடிக்காது. ஆனால் என்ன பிரயோசனம்? சாமளாபுரம் நோம்பியில் அவன் மேடை ஏறியதும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "போன வருசம் வந்தவனே மறுக்காவும் வந்திருக்கறான் பாரு" என்றார். போன வருஷம் வந்தது ஈரோட்டுக்காரன்.

அன்றைக்கு மைக் செட் போட்டவன் அய்யூப். நல்லூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தான், மருதாசலத்துக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். குழாய் ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டே மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"உன்ற கையில வித்தை இருக்குது மருது. அந்தக் கோட்டுக்குள்ள ஆரு இருக்கறான்னுதான் தெரியல. நாளைக்கு அதை எனக்கு மாட்டிவுட்டாலும் புரொபசர்னுதான் கைதட்டுவாங்க. உனக்குன்னு ஒரு ஆளு வேணுமப்பா."

மருதாசலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு நாள் அய்யூப்போடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சும்மா தலையைத் திருப்பினான். அவனுக்கு வேண்டிய ஆள் ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

மயிலாள், அவன் பெண்டாட்டி. வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் டேமேஜை ஒரு பக்கமும் போடுகிற வேலை. அவசர ஆர்டர் என்றால் வீட்டுக்கும் ஒரு மூட்டை கொண்டுவந்துவிடுவாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, பஞ்சுத் தூசிக்குத் தலையில் துண்டு. பனியனை உள்பக்கம் வெளியே திருப்புவாள், கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். கடைசியில், மடித்து வைக்கும் முன்னால், என்னவோ ஒன்று செய்வாள். அந்த ஒன்று என்ன என்பதை இங்கே எழுதத்தான் ஆசை. எழுத முடியாது, ஏன் என்று பின்னால் உங்களுக்கே தெரியும்.

மருதாசலம் துள்ளி எழுந்தான். வெறும் பைதான் பாருங்கள், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்று காட்டத்தானே மேஜிக்காரன் பாடாய்ப் படுகிறான்? இவள் ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் அதைத்தானே செய்கிறாள்! அன்றைக்கே ஒரு பனியனுக்குள் ரகசியப் பை ஒன்று தைத்தான். ஓவர்லாக் டெய்லருக்கு அது என்ன பெரிய வேலையா?

"மயிலா, உன்ற சட்டையும் துண்டும் ஒருக்கா குடு புள்ள."

"எதுக்குங் மாமா?"

"நோம்பிக்குத்தான். தலைப்பாகையைத் தூக்கி எறிஞ்சாச்சு. இனி நீதான் மேஜிக்காரி."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்துபோயிற்று. சட்டையைத் துவைத்து, பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள்.

முதல் தடவை நல்லூர் மாரியம்மன் நோம்பியில். மயிலாள் செய்வதை அச்சுப் பிசகாமல் செய்தான். அந்தக் கடைசி ஒன்றையும் செய்தான். பனியனுக்குள்ளிருந்து முட்டை வந்தது. நாலு பேர் கைதட்டினார்கள், மற்றவர்கள் கடலை கொறித்தார்கள். ஒரு சிரிப்பு இல்லை.

"வேஷம் நல்ல வேஷம். இப்ப வெட்டோணும்" என்றான் அய்யூப். "கைதட்டு வந்த எடத்தை வெச்சுக்க. வராத எடத்தைப் பூராவும் வெட்டிப்போடு. பத்து ஷோவுல பாரு, ஆளு உருவாயிருவான்."

பாத்திரம் செய்கிற ஊரான அனுப்பர்பாளையத்தில் இரண்டாவது தடவை. பனியனை முகத்துக்கு நேரே தூக்கியபோது சாயப்பட்டறை நெடி மூக்கில் ஏறி மருதாசலம் முகத்தைச் சுளித்தான். கொல்லென்று ஒரு சிரிப்பு. விடுவானா? பனியனின் அக்குள் பக்கத்தை வேண்டுமென்றே மோந்து பார்த்து, "அய்யோ சாமி!" என்று கீச்சுக்குரலில் கத்தினான். பாத்திரப் பட்டறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஊரில் வாத்து நடை சேர்ந்தது. அதற்கடுத்த ஊரில் நூல் வெட்டும் கட்டரால் தலையைச் சொறிவது, நாக்கைச் 'ச்ச்ச்' என்று கொட்டுவது. பிறகு மேடைக்கு மாலை போட வந்த ஊர்ப் பெரிய மனுஷரின் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "டேமேஜுங்க! டேமேஜு!" என்று கத்தினான் பாருங்கள், அன்றைக்கு வெடித்த சிரிப்பு அவனை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போயிற்று. அய்யூப் சொன்னது பலித்துவிட்டது. பத்தாவது மேடையில் ஆள் உருவாகிவிட்டாள். பெயர் செக்கிங் அக்கா. முதல் மேடையில் நின்றவள் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டுப் போய்விட்டாள். யாருக்கும் அது தெரியவில்லை, மருதாசலத்துக்கே தெரியவில்லை.

எண்பத்தைந்தில் மயிலாளின் கம்பெனியிலேயே ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, மத்தியானம் மூன்று மணிக்கு ஷோ. முன்வரிசையில் மூன்று வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டு மயிலாள். அதுவரை அவள் ஒரு ஷோவும் பார்த்ததில்லை. மருதாசலம் வாத்து நடையோடு வந்தானோ இல்லையோ, மொத்தக் கூட்டமும் மேடையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த மாரக்காள், செக்கிங் டேபிளில் அவளுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறவள், விலாவில் குத்திக் குத்திச் சிரித்தாள். மயிலாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மேடையிலிருந்து பார்த்தபோது மருதாசலத்துக்கு அப்படித்தான் தெரிந்தது.

பஸ்சுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள்.

"ஏனுங் மாமா, நான் பனியனை மோந்தா பாக்கறேன்?"

"அட, சிரிப்புக்குச் செய்யறது புள்ள."

"சிரிப்புக்குத்தானுங்க. சும்மா கேட்டேன்."

அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரத்திலிருந்து கம்பெனியில் அவளுக்கு டேமேஜக்கா என்று பெயர் விழுந்துவிட்டது என்பதை மாரக்காள் சொல்லித்தான் மருதாசலம் தெரிந்துகொண்டான். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பாவி! மயிலாள் அதற்குப் பிறகு எந்த ஷோவுக்கும் வரவில்லை. ஆனால் ஷோ இருக்கிற நாளில் சட்டையும் துண்டும் துவைத்துத் தேய்த்துத் தயாராக இருக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

எண்பத்தேழு மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் இல்லை.

மகள் பொன்னாத்தாளுக்கு அப்போது ஐந்து வயசு. பொன்னு என்று கூப்பிடுவார்கள். பொன்னு அழவில்லை, அதுதான் கொடுமை. சோற்றை வாயில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். ஒரு பேச்சு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. மருதாசலம் கோட்டு, சட்டை, முட்டை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினான். தேடி வந்த ஷோவையெல்லாம் அய்யூப் திருப்பி அனுப்பினான். அய்யூப்பின் சம்சாரம் நசீமாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டாள்.

ஐந்து மாசம் கழித்து, தட்ட முடியாத இடத்திலிருந்து ஷோவுக்கு ஓர் அழைப்பு. பொன்னுவையும் கூட்டிக்கொண்டு போனான். மேடைக்குப் பின்னால் சேலையைக் கட்டி, மயிலாளின் சட்டையை மாட்டி, துண்டைத் தலையில் போட்டுத் திரும்பினான். பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

"அம்மா" என்றது.

அம்மா இல்லை கண்ணு, அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து மாசமாகக் கேட்காத குரலைக் கேட்ட தகப்பனுக்கு அதைச் சொல்ல எப்படி வாய் வரும்? மருதாசலம் குனிந்தான். பிள்ளையின் கவுனைத் திருப்பிப் பார்த்து, அக்குளை மோந்து, "டேமேஜுங்களா கண்ணு?" என்றான் கீச்சுக்குரலில். பொன்னு கலகலவென்று சிரித்தது. அவன் அழுதுகொண்டேதான் மேடை ஏறினான்.

அன்றிலிருந்து வீட்டிலும் அதே கதைதான். சாப்பிட மாட்டேன் என்றால் துண்டு தலைக்கு ஏறும். காய்ச்சல் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் படுப்பான். "அம்மா எப்படிங்கப்பா தோசை சுடுவாங்க?" என்றால் வாத்து நடை நடந்து, நாக்கைக் கொட்டி, தோசையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, "டேமேஜுங்க" என்பான். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது, பொன்னுவும் எழுந்து அம்மாவைச் செய்து காட்டும். மருதாசலத்துக்கு நிம்மதியாக இருந்தது. தாய் இல்லாத குறை தெரியாமல் வளர்த்துவிட்டோம் என்று அய்யூப்பிடம் சொல்லிக்கொண்டான்.

தொண்ணூற்றெட்டில் பொன்னு பத்தாவது முடித்தாள். மேலே படிக்கச் சொன்னால் கேட்கவில்லை. அம்மா வேலை செய்த கம்பெனிக்குத்தான் போவேன், அம்மா நின்ற டேபிளில்தான் நிற்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி, போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டான். போன முதல் வாரம், சனிக்கிழமை, சோற்றுப் போசியை வீட்டிலேயே மறந்துவிட்டாள். மருதாசலம் அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனான்.

செக்கிங் டேபிளில் வரிசையாகப் பெண்கள். நடுவில் பொன்னு. மயிலாளின் பழைய சட்டைகளில் ஒன்று, தலையில் துண்டு. பனியனை எடுத்தாள், திருப்பினாள். அக்குள் பக்கத்தை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தாள். முகத்தைச் சுளித்தாள். நாக்கைச் 'ச்ச்ச்' என்று கொட்டினாள். கட்டரால் தலையைச் சொறிந்துவிட்டு மடித்து வைத்தாள். அடுத்த பனியனை எடுத்தாள். அதையும் மோந்தாள்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. சாமி கும்பிடுகிற மாதிரி, ஒன்று விடாமல், ஒவ்வொரு பனியனுக்கும் செய்துகொண்டிருந்தாள். எதிரே இரண்டு சின்னப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மருதாசலம் போசியோடு வாசலிலேயே நின்றுவிட்டான். மாரக்காள் வந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இவளுக்காவது தெரியுமே, பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுவாளே என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாத்தீங்ளா?" என்றாள் மாரக்காள், கண் கலங்க. "மொத நாளே நான் அசந்துபோயிட்டனுங்க. அப்படியே மயிலாதான்! உரிச்சு வெச்சாப்பல இருக்குதுங்க."

"அக்கா... மயிலா மோந்து பாக்க மாட்டாளுங்களே."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? பக்கத்துல நின்னவ எனக்குத் தெரியாதுங்ளா? மோந்து பாப்பா, நாக்கைக் கொட்டுவா. எத்தனை வருசம் சிரிச்சிருக்கறோம்!"

அவள் பொய் சொல்லவில்லை. மயிலாளோடு நின்றது நாலு வருஷம். செக்கிங் அக்காவை அவன் மேடையில் அவள் பார்த்ததோ வருஷா வருஷம், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை. மருதாசலம் வெளியே வந்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். ஒரு பனியனை எடுத்துக்கொண்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். முதல் மேடையில் செய்தானே, அச்சுப் பிசகாமல், அதைச் செய்துவிட்டால் போதும், பொன்னுவுக்குக் காட்டிவிடலாம். பனியனைத் திருப்பினான். கை தானாக அக்குளை மூக்குக்குக் கொண்டுபோயிற்று. இல்லை என்று உதறிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். வெளிச்சத்துக்குப் பிடித்தான். நாக்கு தானாகக் கொட்டியது. மடிக்கும் முன்னால் என்னவோ ஒன்று செய்வாளே, அது என்ன? விரலை என்ன செய்வாள்? உதட்டையா? எந்தக் கையால்? பதினைந்து பனியனைத் திருப்பிப் போட்டான். கண்ணாடியில் செக்கிங் அக்காதான் நின்றாள். சரி, குரலையாவது நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினான். மாமா என்று கூப்பிடுவாளே. கீச்சுக்குரலில்தான் கூப்பிட்டாள்.

சட்டையைக்கூட மாட்டாமல் அய்யூப்பின் கடைக்கு ஓடினான்.

"அய்யூப்பு, மொதல்ல நம்மூரு நோம்பியில செஞ்சனே, அன்னிக்கு நான் கடைசியா என்ன செஞ்சேன்? முட்டை எடுக்கறதுக்கு முந்தி?"

அய்யூப் வெகுநேரம் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் வாடியது.

"அன்னிக்கு ஆரும் சிரிக்கலியே மருது. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றான்.

சாயங்காலம் பொழுதோட பொன்னு வந்தாள். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவளிடம் மருதாசலம் மறைக்காமல் சொன்னான். அம்மா அப்படி நடக்க மாட்டாள், மோந்து பார்க்க மாட்டாள், அதிர்ந்து பேச மாட்டாள், டேமேஜு என்று கத்தியதே இல்லை. எல்லாம் நான் ஊர் சிரிப்பதற்காக இட்டுக்கட்டியது. நீ சின்னப் பிள்ளை, சிரித்தாயே என்று விட்டுவிட்டேன்.

பொன்னு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிங்கப்பா. அப்ப அம்மா எப்படி இருப்பாங்க?"

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்குது கண்ணு. ஆயுத பூஜை முடிஞ்சு வர்றப்ப ஒரு வார்த்தை கேட்டா. ஏனுங் மாமா, நான் பனியனை மோந்தா பாக்கறேன்னு."

"அம்மா கேட்ட மாதிரியே கேளுங்கப்பா. ஒருக்கா கேட்டுக்கறேன்."

மருதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ரோட்டை நினைத்தான், தோளில் தூங்கிய பிள்ளையை நினைத்தான், பக்கத்தில் தலை குனிந்து நடந்தவளை நினைத்தான். வாயைத் திறந்தான்.

"ஏனுங் மாமா..."

கீச்சுக்குரல்தான் வந்தது. அதே ராகம், அதே இழுப்பு. எந்த ஊரில் கேட்டாலும் கொல்லென்று சிரிக்கிற குரல். பொன்னு பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரலுக்குச் சிரிக்கவில்லை.

"போதுங்கப்பா" என்றாள்.

அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்று சொல்வது, தன் மேல்தான். விருட்டென்று எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையையும் துண்டையும் பிடுங்கினான். பெட்டியைத் திறந்து சேலையை அள்ளினான். எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு, புறக்கடை அடுப்பைப் பார்த்து நடந்தான்.

"எல்லாத்தையும் எரிச்சுப்போடறேன். இனி அவ வர மாட்டா. எந்த மேடைக்கும் வர மாட்டா."

பொன்னு ஓடிவந்து துணிச் சுருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே சேலை இழுபட்டது.

"உங்களுக்கு ஒரு வார்த்தையாச்சும் இருக்குதுங்க. எனக்கு என்னங்கப்பா இருக்குது?" அவள் குரல் உடைந்தது. "காச்சல்ல பக்கத்துல படுத்தது இவதானுங்க. சோறு ஊட்டுனது இவதானுங்க. இவளையும் எரிச்சுப்போட்டா, நான் ஆரை அம்மான்னு நெனைக்கறதுங்க?"

மருதாசலத்தின் கை தளர்ந்தது. பொன்னு சட்டையை வாங்கி உதறினாள். சுருக்கத்தை நீவிக்கொண்டே, கைப் பழக்கத்தில், உள்பக்கம் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மூக்குக்குப் பாதி தூரம் கொண்டுபோனவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அப்பனும் மகளும் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சட்டையை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு, சோறு வைக்கப் போனாள்.